இருபத்திரண்டு டிஸ்க்குகளும் ஒரு கல்வெட்டும்

நண்பனின் தகப்பனார் யாழ்ப்பாணத்தில் காலமான செய்தி லண்டனுக்கு வந்தபோது என் மேசையில் இருபத்திரண்டு டிஸ்க்குகள் இருந்தன. ஒரு சாவையும் டிஸ்க்குகளையும் ஒரே வசனத்தில் வைக்கிறேனே என்று நினைப்பீர்கள். அன்றைக்கு என் மனம் இருந்த ஒழுங்கு அப்படித்தான். முதலில் டிஸ்க், பிறகுதான் மனிதர். அதை மறைத்துவிட்டு மிச்சத்தைச் சொல்வதில் பிரயோசனமில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். ரெய்னர்ஸ் லேனில் ஒரு கடைக்கு மேலே இரண்டு அறைகளில் தனியாக இருந்தேன். வேலை ஒரு கம்பனியின் கணினிப் பகுதியில். அங்கே கழித்துவிட்ட கணினி ஒன்றை வாங்கி வீட்டில் வைத்திருந்தேன். நாற்பது மெகாபைட் கொள்ளும் ஹார்ட் டிஸ்க். இன்றைக்குக் கலியாண வீட்டுப் படங்கள் பத்தைக்கூட அதில் வைக்க முடியாது. அப்போது எனக்கு அது வீட்டைச் சுற்றிக் கிடக்கும் பெரிய வளவு மாதிரி.

கணித நூல்களை அழகாக அச்சிடுவதற்கென்று பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஓர் அச்சுக்கோப்பு முறையைச் செய்து, கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எழுத வேண்டியதை எழுதி, இடையிடையே கட்டளைகளையும் எழுதிக் கொடுத்தால், பக்கம் பக்கமாகப் புத்தகம் போலவே கோத்துத் தரும். யாரோ ஒரு புண்ணியவான் அதற்குத் தமிழ் எழுத்தும் செய்து வைத்திருந்தார். அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து நான் நிலத்தில் நடக்கவில்லை. சந்தித்தவர்களிடமெல்லாம் இனி லண்டனில் தமிழ்ப் புத்தகம் போட அச்சகமே தேவையில்லை, என் அறை போதும் என்று சொல்லித் திரிந்தேன். கேட்டவர்கள் பாவம், தலையாட்டினார்கள். நான் எழுதிக் கேட்டு, அந்த முறை தபாலில் வந்து சேர்ந்ததுதான் அந்த இருபத்திரண்டு டிஸ்க்குகளிலும்.

நண்பன் கொழும்பில் என்னோடு ஒன்றாகப் படித்தவன். எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு இருவரும் ஒரே வருடத்தில் இங்கே வந்து சேர்ந்தோம். அவன் செவன் கிங்ஸில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு வீடு வாங்கி, தாயையும் ஊரிலிருந்து கூப்பிட்டு வைத்திருந்தான். தகப்பனார் வீட்டை விட்டு வரமாட்டேன் என்று நின்றுவிட்டார். அவர் இறந்த செய்தி கொழும்பு சுற்றி, ஆறாம் நாள்தான் வந்தது. எரித்துச் சாம்பலும் கரைத்து முடிந்திருந்தது. முகம் பார்க்கக் கொடுத்து வைக்காத அந்த அம்மா, முப்பத்தோராம் நாளையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார்.

முப்பத்தோராம் நாள் என்றால் எங்கள் ஆட்களுக்குக் கல்வெட்டு வேண்டும். கல்லில் வெட்டுவதல்ல. அந்தியேட்டிச் சடங்குக்கு வந்தவர்களின் கையில் கொடுக்கிற சிறு புத்தகம் அது. இறந்தவரின் படம், அவர் வாழ்ந்த கதை, சில பதிகங்கள், எல்லாவற்றுக்கும் மேலாகக் குடும்ப விபரம். பிள்ளைகள் யார், மருமக்கள் யார், பேரப்பிள்ளைகள் யார் என்று பெயர் பெயராக ஒரு பக்கம் வரும். சனம் புத்தகத்தைக் கையில் வாங்கியதும் முதலில் தேடுவது அந்தப் பக்கத்தைத்தான். அதில் பெயர் உள்ளவர் அந்தக் குடும்பத்துக்கு உரியவர், இல்லாதவர் இல்லை. இதற்கு மேல் விளக்கம் ஒன்றும் யாரும் கேட்பதில்லை.

அந்த வீட்டில் பெயர் இல்லாமல் போன ஒருத்தி ஏற்கெனவே இருந்தாள். நண்பனின் தங்கை. லண்டனில் படிக்க வந்த இடத்தில், சாதி குறைந்தவர் என்று யாழ்ப்பாணத்தில் ஒதுக்கி வைத்த ஒரு குடும்பத்துப் பையனைக் கலியாணம் செய்துகொண்டாள். எனக்குப் பிள்ளை ஒன்றுதான் என்று தகப்பனார் அங்கேயிருந்து ஒரு வரி எழுதி அனுப்பினார். அதோடு சரி. அவள் கணவனோடும் மகளோடும் சட்டனில் இருந்தாள். தாய் லண்டனுக்கு வந்து மூன்று வருடமாகியும் நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒருநாளும் போகவில்லை.

செத்த வீட்டுக்கு நான் போயிருந்தபோது அந்த அம்மா கொப்பித்தாளில் எழுதிய குடும்ப விபரத்தைக் கொண்டுவந்து மகனிடம் நீட்டினார். அவன் வாசித்துவிட்டு நிமிர்ந்தான். கடைசி வரியில் தங்கையின் பெயரும் அவள் கணவனின் பெயரும் பிள்ளையின் பெயரும் இருந்தன.

"அப்பா இருந்திருந்தா இதுக்கு விட்டிருப்பாரே அம்மா?"

"அவர் இருக்குமட்டும் அவற்ற சொல்லைக் கேட்டன். இப்ப அவர் இல்லை. அவள் என்ர பிள்ளை."

அவன் தாளை மேசையில் வைத்தான். பிறகு எழுந்து போய் நடையில் இருந்த டெலிபோனை எடுத்தான். ஆறு வருடத்துக்குப் பிறகு தங்கையோடு அவன் பேசிய முதல் வார்த்தைகளை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "உன்ர பேர் கல்வெட்டில வருது. அவற்ற பேரும் பிள்ளையின்ர பேரும் வருது. அம்மா தன்ர கையால எழுதினவ. மூண்டு பேரும் வாங்கோ." திரும்பி வந்து என் பக்கத்தில் இருந்தவன், "புத்தகத்திலயோ, புத்தகத்திலயோ எண்டு ரெண்டு தரம் கேட்டவள் மச்சான்," என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

ஆகவே அந்த ஒரு வரியின் பெறுமதி எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. தெரிந்துகொண்டுதான் வாய் திறந்தேன்.

"அச்சகத்துக்குக் குடுக்காத. நான் செய்து தாறன்."

"உனக்கு உது ஏலுமே? நாளும் கிட்டவெல்லே?"

"ஏலும்."

வழக்கமாகக் கல்வெட்டு அடிக்கிற அச்சகக்காரர் ஒருவர் இருந்தார். எழுத்து கொஞ்சம் மங்கலாக இருக்கும், ஆனால் சொன்ன நாளுக்குப் பிழையில்லாமல் தருவார். என் டிஸ்க்குகளோ இன்னும் பெட்டிக்குள்தான் கிடந்தன. ஒன்றைக்கூட நான் கணினியில் போட்டுப் பார்த்திருக்கவில்லை.

அடுத்த இரண்டு வாரமும் பட்ட பாட்டை இப்போது சிரித்துக்கொண்டு சொல்லலாம். பதினோராவது டிஸ்க் வாசிக்க மறுத்தது. அனுப்பியவருக்குக் கடிதம் எழுதி, வேறொன்று தபாலில் வரும்வரை தபால்காரனின் காலடியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் ஏற்றி முடித்தால், கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று தனக்குத் தெரியாது என்றது கணினி. அதைச் சொல்லிக் கொடுத்தால், நினைவகம் போதாது என்றது. இடம் தேடி, நான் வைத்திருந்த விளையாட்டுகளையெல்லாம் அழித்தேன். தமிழ் எழுத்துகளை ஒவ்வோர் அளவுக்கும் கணினியே ஒவ்வொன்றாக வரைந்து எடுக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை காலையில் தொடங்கிவிட்டு நான் உடுப்புத் தோய்த்து, சமைத்து, சாப்பிட்டு, கடைக்கும் போய்வந்த பிறகும் அது அரைவாசி எழுத்தில் நின்றது. பிழை வந்தால் ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்லிவிட்டு, ஒரு கேள்விக்குறியைப் போட்டுக்கொண்டு காத்திருக்கும். என்ன பதில் சொன்னாலும் திருப்திப்படாது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் போல.

ஆனால் முதல் பக்கம் வந்தபோது நான் அழுதேன், பொய் சொல்லவில்லை. கம்பனியின் லேசர் பிரிண்டரில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒளித்து அடித்த பக்கம். 'ழ' எவ்வளவு வடிவாக வளைந்திருந்தது! மற்றப் பக்கங்களையும் அடித்து எடுத்துக்கொண்டு செவன் கிங்ஸுக்குப் போனேன். அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குடும்பப் பக்கத்தை விரல் வைத்து வாசித்தார். கடைசி வரியில் விரல் நெடுநேரம் நின்றது.

"சரி தம்பி. இப்பிடியே அடியும்," என்றார்.

இப்படியே அடித்திருந்தால் இந்தக் கதை இல்லை.

இரண்டு நாள் கழித்து அம்மா எனக்கு டெலிபோன் எடுத்தார். மகனிடம் என் இலக்கத்தைக் கேட்டு வாங்கி, அவன் வேலைக்குப் போன பிறகு எடுத்திருந்தார். இறந்தவருக்குப் பிடித்த பதிகம் வேறொன்று, இப்போதுதான் ஞாபகம் வந்தது, மாற்ற முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அதற்கென்ன அன்ரி என்றேன். மாற்றவும் மாற்றினேன். பத்து நிமிட வேலை. கோப்பு திறந்து கிடந்தது. குடும்பப் பக்கத்தில் பெயர்களுக்கு இடையிலான இடைவெளி எனக்குத் திருப்தியாக இல்லை. ஒவ்வொரு பிள்ளையின் குடும்பத்தையும் நிரல்படுத்தி, மேலே கீழே மெல்லிய கோடு போட்டால் இன்னும் எடுப்பாக இருக்கும் என்று தோன்றியது. யாரும் கேட்கவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான்.

கோடு போட்டதும் அச்சுக்கோப்பு முறை முரண்டு பிடித்து நின்றது. எங்கே பிழை என்று சொல்லத் தெரியாமல் அந்தப் பக்கம் முழுவதையும் பிழை என்றது. இப்படியான நேரத்தில் நாங்கள் செய்கிற ஒரு வேலை உண்டு. ஒரு வரியின் தொடக்கத்தில் சதவீதக் குறி ஒன்றைப் போட்டால், முறை அந்த வரி இல்லாதது போலத் தாண்டிப் போய்விடும். ஒவ்வொரு வரியாக அப்படி மறைத்துப் பார்த்தால் எந்த வரியில் பிழை என்று பிடித்துவிடலாம். பிடித்தேன். மேலே எங்கோ ஓர் அடைப்புக்குறி விடுபட்டிருந்தது. திருத்திவிட்டு, திரையில் தெரிந்த சதவீதக் குறிகளையெல்லாம் எடுத்தேன். அந்தக் காலத்துத் திரையில் ஒரே நேரத்தில் இருபத்தைந்து வரிதான் தெரியும். கடைசி வரி திரைக்குக் கீழே இருந்தது.

ஓடவிட்டேன். ஒரு முறைப்பாடும் இல்லாமல் ஓடியது. அடுத்தநாள் பிரதி எடுக்கும் கடைக்குக் கொடுக்க வேண்டும். கம்பனியில் அவசர அவசரமாக அடித்தேன். கோடு நேராக வந்திருக்கிறதா, கறுப்பு ஒரே அளவாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பெயர்களை வாசிக்கவில்லை. எழுத்தைப் பார்த்தேனே தவிர, எழுதியிருந்ததைப் பார்க்கவில்லை.

சடங்கன்று செவன் கிங்ஸுக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம் எடுத்திருந்தார்கள். தங்கை வந்தாள். கணவன் புது சூட் போட்டிருந்தார், சின்னவளுக்குத் தலை வாரிப் பூ வைத்திருந்தது. அம்மா எழுந்து போய் வாசலிலேயே அவளைக் கட்டிப்பிடித்தார். இருவரும் சத்தமில்லாமல் அழுதார்கள். பேத்தியை அம்மா அன்றுதான் முதல்முதலாகத் தொட்டார். நான் ஒரு மூலையில் நின்று, இதில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஐயர் முடித்ததும், சாப்பாட்டுக்கு முன் கல்வெட்டுகளைக் கொடுத்தார்கள். தங்கை எல்லாரையும் போல நேரே அந்தப் பக்கத்துக்குப் போனாள். வாசித்தாள். மறுபக்கம் திருப்பினாள். திரும்ப வந்து வாசித்தாள். புத்தகத்தைக் கணவனிடம் கொடுத்தாள். அவர் பார்த்துவிட்டு அதை மூடிக் கதிரையில் மெதுவாக வைத்தார், பிள்ளையின் கையைப் பிடித்தார். மூவரும் சாப்பிடாமல் வெளியே போனார்கள். என்ன ஏது என்று விளங்காமல் அம்மா பின்னால் கார் நிற்கும் இடம் வரைக்கும் போனார்.

என் கையிலிருந்த பிரதியைத் திறந்தேன். நண்பனின் பிள்ளைகளோடு பட்டியல் முடிந்திருந்தது, அதற்குக் கீழே என்னுடைய அழகான மெல்லிய கோடு. அந்த நொடியே எனக்கு விளங்கிவிட்டது. ஓடிப் போய் அவர்களை மறித்து, பிழை என்னுடையது, உங்கள் பெயர் இருந்தது, நான்தான் விட்டுவிட்டேன் என்று சொல்ல அரை நிமிடம் போதும். அப்போது ஒரு பெரியவர் என் தோளைத் தட்டினார்.

"தம்பியோ இதை அடிச்சது? முத்து மாதிரி இருக்கு."

"ஓம்," என்றேன். அந்த அரை நிமிடம் போய்விட்டது.

நண்பன் வந்தான். கையில் புத்தகம், முகம் வெளிறியிருந்தது.

"அம்மா உனக்கு டெலிபோன் எடுத்தவ, என்ன?"

"ஓம்."

"அவளின்ர பேரை எடுக்கச் சொன்னவவோ?"

இதைத்தான் நான் வாழ்க்கை முழுவதும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இல்லை என்று ஒரு சொல். அதைச் சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி, அப்ப ஏன் பேர் இல்லை என்பதாக இருந்திருக்கும். சுற்றிவரச் சனம் நின்றது. லண்டனில் தமிழ் அச்சு இனி என் அறையில்தான் என்று நான் சொல்லித் திரிந்த அதே சனம்.

"மச்சான், இப்ப உதைக் கதைக்க வேண்டாம். விடு," என்றேன்.

அவன் தலையைத் திருப்பி, கார்கள் நின்ற இடத்திலிருந்து தனியாக வந்துகொண்டிருந்த தாயைப் பார்த்தான். நான் பொய் சொல்லவில்லை என்று அன்று முழுவதும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய்யை விடக் கேவலம் என்று தெரிந்துகொண்டே சொன்னேன்.

வீட்டுக்கு வந்து, மேலங்கியைக்கூடக் கழற்றாமல் கணினியைப் போட்டு, அந்தச் சதவீதக் குறியைக் கண்டேன். அழித்தேன். என்னத்துக்கு அழித்தேனோ தெரியாது. புத்தகங்கள் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துவிட்டன.

பிறகு நடந்ததை நண்பனின் மனைவி மூலம் கொஞ்சம் கொஞ்சமாக அறிந்தேன். அம்மா தான் அப்படிச் சொல்லவேயில்லை என்று மகனிடம் சத்தியம் பண்ணினார். அவன் நம்பவில்லை. ஊரார் கதைக்குப் பயந்து கடைசி நேரத்தில் மனம் மாறிவிட்டு, இப்போது மறைக்கிறார் என்று நினைத்தான். அவர் மகளுக்கு டெலிபோன் எடுத்தார், அவள் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாள். ஆறு வருடம் ஒதுக்கி வைத்ததைத் தாங்கியவளுக்கு, கூப்பிட்டு வைத்து எல்லார் முன்னாலும் ஒதுக்கியதைத் தாங்க முடியவில்லை. ஒரே வீட்டில் தாயும் மகனும் தேவைக்கு மட்டும் பேசினார்கள். நான் செவன் கிங்ஸ் பக்கம் போவதை நிறுத்தினேன். கம்பனியில் வேலை அதிகம் என்றேன், சுகமில்லை என்றேன். ஒருமுறை கோயில் திருவிழாவில் அம்மா என்னைக் கண்டு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"தம்பி, நான் உம்மட்டப் பதிகம் மாத்தத்தானே கேட்டனான்? மகனுக்கு ஒருக்கா அதைச் சொல்லிவிடும்."

"சொல்லுறன் அன்ரி," என்றேன். சொல்லவில்லை. நாளைக்கு நாளைக்கு என்று ஒரு வருடத்துக்கு மேல் போனது. ஒவ்வொரு நாளும் சொல்வது கடினமாகிக்கொண்டு வந்தது, ஏனென்றால் பிழையோடு, இவ்வளவு நாள் மறைத்த பிழையையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

கடைசியில் ஒரு சனிக்கிழமை, மனதைத் திடப்படுத்திக்கொண்டு போனேன். நண்பன் வேலைக்குப் போயிருந்தான், மனைவியும் பிள்ளைகளும் வெளியே. அம்மா கதவைத் திறந்தார். முன்னறையில் இருத்தி, தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். நான் குடிக்காமல், ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். கணினி, கோடு, திரைக்குக் கீழே கிடந்த வரி, மண்டபத்தில் நான் சொல்லாமல் விட்ட ஒரு சொல்.

"எனக்குத் தெரியும் தம்பி," என்றார். "நான் சொல்லேல்லை. மகன் எடுக்கேல்லை. மிச்சம் நீர்தானே."

"அன்ரி, இண்டைக்கே ரெண்டு பேரிட்டயும் சொல்லுறன். அவன் வருமட்டும் இருக்கிறன்."

"வேண்டாம்."

நான் அவரைப் பார்த்தேன்.

"இல்லை இல்லை எண்டு எத்தினை தரம் சொன்னனான். ஒருத்தரும் நம்பேல்லை. பிறகு யோசிச்சன், இன்னும் எத்தினை வருசம் எனக்குக் கிடக்கு எண்டு. போன தை மாதம் சட்டனுக்கு நானே பஸ்ஸும் ரயிலும் ஏறிப் போய் வாசலில நிண்டு, ஓம் பிள்ளை, நான்தான் எடுக்கச் சொன்னனான், சனத்துக்குப் பயந்திட்டன், என்னை மன்னிச்சுக்கொள் எண்டன். கதவைத் திறந்தாள். இப்ப சனிக்கிழமையில வாறாள். மகனும் கதைக்கிறான். நீர் போய் இப்ப உண்மையைச் சொன்னா, நான் எதுக்குப் போய் மன்னிப்புக் கேட்டனான்? திரும்பவும் ஒருத்தருக்கும் ஒண்டும் விளங்காது. விடும்."

வாசலில் சத்தம் கேட்டது. தங்கை மகளோடு வந்தாள், கையில் மரக்கறிப் பை. என்னைக் கண்டதும் ஒரு நொடி நின்றாள். பிறகு பையை வைத்துவிட்டு வந்து எதிரில் இருந்தாள்.

"அண்ணை, நீங்கள் ஏன் இவ்வளவு நாளும் இந்தப் பக்கம் வரேல்லை? என்னில வெக்கப்பட்டோ? அம்மா சொன்னா நீங்கள் என்ன செய்யிறது. நான் உங்களில ஒருநாளும் கோவிச்சதில்லை."

நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் பேத்திக்குத் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"ஓம் பிள்ளை," என்றார். "அவரில ஒரு பிழையும் இல்லை."

நான் ஆறிப்போயிருந்த தேத்தண்ணியை எடுத்துக் குடித்தேன்.